நடக்குற காலுக்கு ஒரு சபாஷ்

நான் கத்துகிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "லோர்னா, உனக்கு வாய் நீளம்" என்று எனக்குப் புதுச் செய்தி சொல்ல வேண்டாம். ஒன்பதாம் நம்பர் அறையில் பத்தொன்பது வருடமாக உதவியாளாக இருக்கிறேன். மற்ற வகுப்புகளில் உட்கார முடியாத, பேச முடியாத, கடிக்கிற, தலையை முட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளிக்கூடம் ஒதுக்கிய அறை அது. ஆறு பிள்ளைகள், ஒரு டீச்சர், நான். இத்தனை வருடத்தில் பதினோரு டீச்சர் வந்து போய்விட்டார்கள். நான் மட்டும் போக்கிடம் இல்லாமல் கத்திக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஆனால் வெண்டெல் பெல்டோவிடம் கத்தக்கூடாது. கத்தினால் ஓடுவான்.

அவனுக்கு ஒன்பது வயது. பேச்சு என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. கதவு திறந்தால் ஓடுவான், மணி அடித்தால் ஓடுவான், யாராவது குரலை உயர்த்தி "நில்லு" என்றால் அதைக் கேட்டே ஓடுவான். எங்கும் ஓடட்டும், பரவாயில்லை. அவன் ஓடுவது ஏரிக்கு. பள்ளிக்கூடத்தின் பின்வேலியைத் தாண்டினால் நாற்பது தப்படியில் ஏரி. செப்டம்பரில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, முழங்கால் தண்ணீரிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது முறைக்குப் பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அவன் அம்மாவுக்குக் கடிதம் வந்தது. இன்னொரு முறை ஓடினால் தெற்கே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம். காரில் ஐந்து மணி நேரம்.

அவன் அம்மா டீனா மர ஆலையில் வேலை செய்கிறாள். சட்டையெல்லாம் மரத்தூளோடு கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லோர்னாக்கா, அவன் என் காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அங்க அவனுக்கு யாரு காதைக் குடுப்பா?"

"அழாதடி, பாத்துக்கலாம்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பரில் மிசஸ் வார்ட் வந்தார். மாவட்ட அலுவலகம் அனுப்பிய பயிற்சியாளர். எங்களைப் போன்ற அறைகளில் இருக்கும் டீச்சர்களுக்குப் பாராட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, அழுத்த அழுத்த எண்ணிக்கை ஏறுகிற ஒரு சின்னப் பொத்தான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க எங்களைப் பார்த்தார். சாயங்காலம் தாளை நீட்டினார்.

"மிஸ் ஆஹோ, பன்னெண்டு பாராட்டு, ஒம்போது திட்டு. மோசமில்ல. லோர்னா, நீங்க எழுபத்தி நாலு திட்டு, ரெண்டு பாராட்டு."

"ரெண்டாச்சும் இருக்கே," என்றேன்.

"அதுல ஒண்ணு தரை துடைக்கிறவருக்கு."

மெரடித் ஆஹோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் எங்கள் பன்னிரண்டாவது டீச்சர். இருபத்தாறு வயது, முதல் வேலை. நல்ல பெண். பிள்ளை கடித்தால்கூட "ஐயோ, உனக்குப் பல்லு வலிக்குதா" என்று கேட்கிற ரகம்.

மிசஸ் வார்ட் சொன்ன சட்டம் இதுதான். "சபாஷ் சபாஷ்னு சும்மா தூவக்கூடாது. எதுக்குன்னு சொல்லணும், அந்த நொடியே சொல்லணும். ஓடாதேன்னு சொல்லாதீங்க. அவன் காதுல 'ஓடு' மட்டுந்தான் விழும். அவன் செஞ்சுக்கிட்டு இருக்கறதுல எது நல்லதோ அதைக் கண்டுபிடிச்சுப் பேர் வைங்க."

"நல்லதா? அவன் நடக்கவே மாட்டானே, மிசஸ் வார்ட். எதைப் போய்ப் பாராட்டறது?"

"ரெண்டாவது அடியிலதான ஓடறான்? மொத அடி நடக்கறான் பாருங்க. அந்த ஒரு அடியைப் பிடிங்க."

மெரடித்தின் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்து அவர் கிசுகிசுப்பார். இவள் உடனே சொல்வாள்: "நடக்குற காலு, வெண்டெல்! நடக்குற காலு எனக்குப் பிடிச்சிருக்கு! சபாஷ்!" முதல் நாள் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு அடி வைத்துவிட்டு நின்றான். பிறகு இரண்டு அடி, மேசை வரைக்கும், கதவு வரைக்கும். கிறிஸ்துமஸுக்குள் நடைக்கூடம் முழுக்க நடந்தான். ஜனவரியில் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தட்டு ஏந்தி நடந்தான். டீனா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்து அழுதாள். பொய் சொல்வானேன், எனக்கு அந்த வித்தை பிடித்துப்போயிற்று. வீட்டில் என் புருஷன் அர்வோ பாத்திரம் கழுவியபோது, "கோப்பையை உள்ளேயும் தேய்க்கறே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. முன்பெல்லாம் வெண்டெல் யார் முகத்தையும் பார்க்கமாட்டான். விளக்கைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். இப்போது எல்லோரையும் பார்த்தான். தபால்காரர் வந்தாலும் பார்த்தான், தண்ணீர்க்குழாய் பழுது பார்க்க வந்தவரையும் பார்த்தான். வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெரடித், இது எனக்கு நல்லாப் படலம்மா."

"முகத்தைப் பாக்கறான், லோர்னா! எவ்வளவு பெரிய முன்னேற்றம்!"

"முகத்தை இல்ல. வாயைப் பாக்கறான். யாரு வாயா இருந்தாலும் பாக்கறான்."

"நீங்க எதுலயும் ஒரு குறை கண்டுபிடிப்பீங்க," என்று செல்லமாக என் தோளைத் தட்டிவிட்டு, அதையும் முன்னேற்றத் தாளில் எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரியில் மிசஸ் வார்டுக்கு இன்னொரு யோசனை வந்தது. பெரியவர்கள் மட்டும் பாராட்டினால் போதாது, பிள்ளைகளும் பாராட்ட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து நல்ல பிள்ளைகளாக மூன்று பேரைப் பொறுக்கி வெண்டெலுக்குத் துணைத் தோழர்கள் ஆக்கினார். மதிய இடைவேளையில் அவர்கள் அவனோடு இருப்பார்கள், நாங்கள் இருக்கக்கூடாது. "பெரியவங்க வாலைப் பிடிச்சுக்கிட்டே நின்னா அவனுக்கு எப்படிச் சிநேகிதம் வரும்?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர்கள் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வெண்டெல் என்ன செய்தான், அதற்குத் தாங்கள் என்ன சொன்னார்கள், கீழே தங்கள் பேர். வெள்ளிக்கிழமை குலுக்கல். ஜெயித்தவருக்குப் பீட்சாவும் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுதல் அரை மணி நேரமும்.

அந்த மூன்று பேரில் பெரியவன் பிரெக்கன். கலைந்த தலையை ஒருநாளும் பார்க்க முடியாது. பெரியவர்களைக் கண்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மிசஸ் வார்ட் அவர்களுக்குப் பாடம் நடத்தியபோது நான் ஓரமாகப் பெயிண்ட் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒரேயடியாப் பெருசா எதிர்பார்க்காதீங்க. சின்னச் சின்னப் படியா வைங்க. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாராட்டு. அப்படியே கொண்டு போயிடலாம்."

பிரெக்கன் கை தூக்கினான். "அவனுக்குப் பயமா இருக்கற விஷயத்தைக்கூடச் செய்ய வைக்கலாமா, மிசஸ் வார்ட்?"

"பேசறதுக்கு முன்னாடி கை தூக்கினே பாரு, பிரெக்கன், அது எனக்குப் பிடிச்சிருக்கு. வைக்கலாம். அதுதான் இதோட அழகே."

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. டப்பாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வெண்டெல் மதிய இடைவேளை முடிந்து உதடெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வடிய வந்தான். வாயைத் துடைத்தால், சாப்பாட்டுக் கூடத்தில் பொட்டலமாகத் தருகிற காரக் கடுகுச் சாந்தின் வாடை. யாரோ போட்டுவிட்டுப் போன பொட்டலத்தை எடுத்துத் தின்றிருப்பான் என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரம் கையுறை இல்லாமல் வந்தான், விரலெல்லாம் மெழுகு போல வெளுத்திருந்தது. ஒரு நாள் மணி அடித்தும் வரவில்லை. போய்ப் பார்த்தால் கழிவறையில் சுவரைப் பார்த்து மூக்கு இடிக்க நின்றுகொண்டிருக்கிறான். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. கால்சட்டை நனைந்திருந்தது.

"யாரு ராசா உன்னை இங்க நிக்கச் சொன்னா?" என்றேன்.

அவன் என் வாயைப் பார்த்தான். "சபாஷ்" என்றான்.

மெரடித்திடம் சொன்னேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் கேட்டாள்: "ஓடலையே, லோர்னா? அஞ்சு மாசமா ஒரு தடவைகூட ஓடலையே?" ஓடவில்லைதான். விடுதிப் பள்ளிப் பேச்சே அடங்கிவிட்டது. பிரெக்கனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "கவனிச்சுக்கறோம், மிஸ் ஆஹோ" என்றான், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். ஆனால் நான் கத்தினால்தான் எண்ணுகிறார்களே. அந்த மாதம் என் தாளில் திட்டு ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது, எனக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையில் மண் விழ.

மார்ச் கடைசி வியாழக்கிழமை. வியாழக்கிழமை மதியம் சீட்டுப் பெட்டியைக் காலி செய்து எண்ணுவது என் வேலை. எத்தனை சீட்டு என்று மிசஸ் வார்டின் தாளில் எழுதிவிட்டு, குலுக்கல் பையில் கொட்டிவிடுவேன். எண்ணத்தான் சொன்னார்கள், எண்ணினேன். படிக்கச் சொல்லவில்லை, படிக்கவுமில்லை. அன்றைக்குச் சீட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். முழங்கை இடித்துக் காப்பி கொட்டிவிட்டது. அட கஷ்டமே என்று ஒவ்வொரு சீட்டாக உதறி, அறையைச் சூடாக்குகிற சுடுநீர்க் குழாயின்மேல் காயவைத்தேன். காயவைக்கும்போது கண்ணில் படத்தானே செய்யும்.

உருண்டை உருண்டையான அழகான கையெழுத்து. திங்கள்: "வெண்டெல் பனிமேட்டில் ஏறினான். ஏறுற காலு, சபாஷ் என்றேன்." செவ்வாய்: "வெண்டெல் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கினான். இறங்குற காலு, சபாஷ் என்றேன்." புதன்: "வெண்டெல் ஏரிமேல் பத்து அடி வைத்தான். பயந்தான். ஆனாலும் நடந்தான். நடக்குற காலு, சபாஷ் என்றேன். நாளைக்கு மரம் வரைக்கும்." எல்லாவற்றின் கீழும் பிரெக்கன் என்று சுத்தமாகக் கையெழுத்து.

மரம் எதுவென்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் வண்டி போகிற பாதைக்கு அடையாளமாகப் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டுவைப்பார்கள். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள், அது இளகத் தொடங்கியதும், இரண்டு வாரத்துக்கு முன்பே அதன்மேல் போட்டிருந்த குடிசைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற மரங்களையும் எடுத்தாயிற்று. ஓடை வந்து விழுகிற, பனிக்கட்டி மெல்லிசான இடத்தில் ஒன்று மட்டும் சாய்ந்து நிற்கிறது. அதை எடுக்கப் போகிற தைரியம் யாருக்கும் இல்லாததால் நிற்கிறது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. இடைவேளை தொடங்கிப் பத்து நிமிடம்.

கோட்டு எடுக்கவில்லை. ஓடினேன். நடைக்கூடத்தில் எதிரே வந்த மெரடித் "என்ன, என்ன?" என்றாள். "ஏரி" என்று மட்டும் சொன்னேன். அவளும் பின்னால் ஓடி வந்தாள். மைதானத்தில் நூறு பிள்ளைகள் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள், காவலுக்கு ஒரே ஒரு ஆள், அவரும் யாரோ ஒரு பிள்ளையின் மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் பனி வாரும் வண்டி குவித்த மேடு வேலியையே மூடிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் சறுக்கி இறங்கிக் கரைக்கு ஓடினேன்.

கரையில் துணைத் தோழர்கள் மூன்று பேரும் கையைக் கோட்டுப் பையில் விட்டபடி நின்றார்கள். பனிக்கட்டி வெள்ளையாக இல்லை. அழுக்குச் சாம்பலாக, ஈரம் மினுங்க இருந்தது. அதன்மேல் முப்பது தப்படி தூரத்தில் வெண்டெலின் சிவப்புத் தொப்பி. நடந்துகொண்டிருந்தான். முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் பக்கத்தில் படிந்து, அடிமேல் அடி வைத்து. இத்தனை நாளில் அவ்வளவு அழகாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை.

"நடக்குற காலு, வெண்டெல்," என்றான் பிரெக்கன். குரலில் ஒரு அவசரமில்லை. "அது எனக்குப் பிடிச்சிருக்கு."

பக்கத்தில் மெரடித் அலறினாள். "வெண்டெல்! நில்லு! நில்லு!"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் ஓடினான். மரத்தைப் பார்த்து.

நான் அவள் வாயை உள்ளங்கையால் அடைத்தேன். அவள் பல் என் விரலில் பதிந்தது. அந்த நேரம் பனிக்கட்டி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், ஏரியின் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டு வரும். வெண்டெல் அப்படியே நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

என் நெஞ்சு முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் முட்டிக்கொண்டு நின்றது. "வாடா!" அதைக் கத்தினால் பிள்ளை போய்விடும். "அவன் செஞ்சுக்கிட்டு இருக்கறதுல எது நல்லதோ அதைக் கண்டுபிடிங்க" என்றாரே மிசஸ் வார்ட். கடவுளே, இதில் எது நல்லது? உடைகிற பனிமேல் நிற்கிற பிள்ளையிடம் எதை நல்லதென்று சொல்வேன்?

"காதைப் பொத்திக்கிட்டே, வெண்டெல்," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "சத்தம் வந்ததும் காதைப் பொத்திக்கிட்டே. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

கையை எடுத்தான். திரும்பினான்.

"என்னைப் பாக்கறே. பிடிச்சிருக்கு. நிக்கிற காலு, சபாஷ்."

நான் மெல்ல மண்டியிட்டேன். அவன் பார்த்தான். அவன் முழங்கால் கொஞ்சம் மடங்கியது. "மடங்குற காலு, வெண்டெல்!" இன்னும் மடங்கியது. நான் கையைக் கீழே ஊன்றினேன், அவனும் ஊன்றினான். நான் வயிற்றைப் பனியில் வைத்துப் படுத்தேன். அந்தக் குளிர் சட்டையைத் தாண்டி எலும்பில் ஏறியது. அவனும் படுத்தான். "படுத்துட்டே. ஐயோ ராசா, எவ்வளவு அழகாப் படுத்துட்டே." என் கண்ணில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தவழ்ந்தான். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு சபாஷ். அத்தனை தூரத்துக்கு எத்தனை சொன்னேனோ, நல்லவேளை அதை எண்ண யாரும் இல்லை.

கரைக்கு இரண்டு கை தூரத்தில் பனி உடைந்தது. தொப்பி மட்டும் தெரிந்தது. நான் இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, அவன் கோட்டின் தலைமூடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். மெரடித் என்னை இழுத்தாள். மூன்று பேரும் கரையில் வந்து விழுந்தோம். வெண்டெல் இருமினான், மூச்சு விட்டான், தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தான்.

தலைக்கு மேலே பிரெக்கனின் குரல் கேட்டது. "மரத்தைத் தொடலையே," என்றான் பக்கத்துப் பையனிடம்.

மறுநாள் பிரின்சிபால் அறையில் பிரெக்கனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். குலுக்கல் பையைக் கவிழ்த்து, ஐந்து வாரச் சீட்டையும் மேசையில் கொட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். "வெண்டெல் கடுகுப் பொட்டலம் ஆறு சாப்பிட்டான். மெல்லுற வாய், சபாஷ்." "வெண்டெல் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். பகிர்ந்துக்கறே, பிடிச்சிருக்கு." "வெண்டெல் சுவரைப் பார்த்து நின்றான். காத்திருக்கறே, சபாஷ்." எல்லாம் இருந்தது. தேதியோடு இருந்தது.

"நான் அவனைத் திட்டல," என்றான் பிரெக்கன். "தள்ளல. தொடக்கூட இல்ல. நல்ல வார்த்தைதான் சொன்னேன்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடா?" என்றேன். பிரின்சிபால் என் கையைத் தொட்டார். நான் கையை உதறினேன்.

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவன் உதடு கொஞ்சம் நடுங்கியது. "எல்லாத்தையும் எழுதிப் போட்டேனே, மிஸ் லோர்னா. தப்புன்னா யாராவது சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். போன மாசம் குலுக்கல்ல என் பேரு வந்தப்ப நீங்கதான கை குடுத்தீங்க? 'எல்லாரையும் விட நெறய எழுதியிருக்கே, பிரெக்கன், அது எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னீங்களே?"

சொன்னேன். எதற்கென்று குறிப்பிட்டு, அந்த நொடியே, சட்டப்படி சொன்னேன். அந்த அறையில் என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

வெண்டெலை விடுதிக்கு அனுப்பவில்லை. கடிதத்தில் ஓடினால் என்றுதான் எழுதியிருந்தது. இவன் நடந்து போனான் என்று அதிகாரிகள் தீர்மானித்துவிட்டார்கள். கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று டீனாவுக்குத் தெரியவில்லை, அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிரெக்கனைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். சீட்டுப் பெட்டியை நானே உடைத்து அடுப்பில் போட்டேன்.

மிசஸ் வார்ட் மறுபடி வந்தார். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் காதுக் கருவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பத்து வயது கூடினாற்போல இருந்தார்.

"மாட்டேன்னு சொல்ல அவனுக்கு நாம கத்துக் குடுக்கவேயில்ல," என்றார். "அதைக் கத்துக் குடுக்கணும்."

"எப்படி?" என்று கேட்டாள் மெரடித்.

"வேற வழி எனக்குத் தெரியாது, மெரடித். பாராட்டித்தான்."

ஏப்ரல் முழுக்க அதுதான் பாடம். "வெண்டெல், இந்தச் சோப்பைத் தின்னு." மெரடித் அவன் காதில் "மாட்டேன்" என்று சொல்லிக்கொடுப்பாள். அவன் சொன்னதும், "மாட்டேன்னு சொன்னே! அது எனக்குப் பிடிச்சிருக்கு! சபாஷ்!" மூன்றாம் வாரம் அவனாகவே சொன்னான். தாள் நிரம்பியது. சோப்புக்கு மாட்டேன், சுவருக்கு மாட்டேன், ஷூவைக் கழற்று என்றால் மாட்டேன். வீட்டில் குளிக்கக் கூப்பிட்டாலும் மாட்டேன் என்கிறான் என்று டீனா சிரித்துக்கொண்டே புகார் சொன்னாள். அத்தனை பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்காக அவனோடு வெளியே நின்றேன். பனி கரைந்து ஏரி திறந்துவிட்டது. வேலியின் கதவைத் தச்சர் சரிசெய்துகொண்டிருந்ததால் அது திறந்து கிடந்தது. நான் ஏன் அதைச் செய்தேன் என்று கேட்காதீர்கள். அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, வாயில் சிரிப்பை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"வெண்டெல், வா, அந்தத் தண்ணிக்குள்ள போலாம்."

"மாட்டேன்," என்றான், பளிச்சென்று.

என் வாயைப் பார்த்தான்.

நான் சபாஷ் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த மாட்டேன் அவனுடையதா, எங்களுடையதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் காத்திருந்தான். "மாட்டேன்," என்றான் மறுபடி, கொஞ்சம் சத்தமாக. நான் வாய் திறக்கவில்லை. அவன் நெற்றி சுருங்கியது. எங்கே தப்பு செய்தோம் என்று தேடுகிற முகம் அது. ஒருமுறை என்னைப் பார்த்தான், ஒருமுறை ஏரியைப் பார்த்தான்.

பிறகு முதுகை நிமிர்த்தி, கை இரண்டையும் பக்கத்தில் படியவைத்து, தண்ணீரைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தான். வைத்துவிட்டு, சரிதானா என்று திரும்பி என் வாயைப் பார்த்தான்.